நிறத்தைச் சொல்லாத சட்டங்கள்

பிறந்த மண்ணை விட்டுப் பிறிதொரு மண்ணில் வேரூன்றி வாழ்பவர்க்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று விட்டு வந்த ஊரின் வரலாறு. மற்றொன்று வந்து சேர்ந்த ஊரின் வரலாறு. ஐதராபாத்தில் வாழும் தமிழராகிய நாம், சோழரின் கடற்படையையும் பல்லவரின் கற்றளிகளையும் விழா மலர்களில் எழுதி மகிழ்கிறோம். கோல்கொண்டாவின் கோட்டையையும் சார்மினாரின் அழகையும் எழுதத் தவறுவதில்லை. ஆயினும் மூன்றாவது வரலாறு ஒன்றும் நமக்குண்டு. அரசரும் புலவரும் இல்லாத வரலாறு அது. கரும்புத் தோட்டங்களிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் உழைக்கக் கப்பலேறிப் போன ஏழைத் தமிழரின் வரலாறு. அவர்களுக்குச் சில ஆண்டுகள் முன்னதாக அதே நாடுகளில் குடியேறிய வெள்ளையர் அவர்களை நடத்திய முறையின் வரலாறு. அதனை இம்மலரில் ஒருமுறையேனும் எழுதிவைத்தல் நம் கடமையாகும்.

இதனை ஐதராபாத்திலிருந்து எழுதுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. ஆபிட்ஸ் கடைவீதிக்கும் நாம்பள்ளி இரயில் நிலையத்திற்கும் இடையே நம்மில் பலர் அடிக்கடி கடந்து செல்லும் பழைய வீடு ஒன்றிருக்கிறது. 'கோல்டன் திரெஷோல்டு' என்பது அதன் பெயர். 1974இல் ஐதராபாத் பல்கலைக்கழகம் தன் பணியைத் தொடங்கியது அவ்வீட்டில்தான். அதற்கு முன்பு அது கவியரசி சரோஜினி நாயுடு வாழ்ந்த இல்லம். கடல் கடந்த தமிழரின் துயரத்தைத் தீர்க்க எழுந்த குரல்களுள் ஒன்று அவ்வீட்டிலிருந்து புறப்பட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அக்குரல் எதற்காக எழுந்தது என்பதை முதலிற் காண்போம்.

கரும்பும் கூலியும்

1834இல் ஆங்கிலேயக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிந்தது. அடிமை ஒழிந்தானேயன்றி, அடிமையின் உழைப்பால் வாழ்ந்த தோட்டங்கள் ஒழியவில்லை. மலிவான உழைப்பு தேவைப்பட்டது. அதன் பொருட்டுக் கண்டறியப்பட்டதே ஒப்பந்தக் கூலி முறை. ஏழை ஒருவன் தாளொன்றிற் கைந்நாட்டு வைப்பான். அக்கணம் முதல் குறிப்பிட்ட ஆண்டுகள் அவன் உடல் முதலாளிக்கு உரியது. வேலையை விட்டு நீங்கினால் அவனுக்குக் கிடைப்பது சிறை. அடிமைக்கும் அவனுக்கும் உள்ள வேறுபாடு, அவனது அடிமைத்தனத்திற்கு முடிவு நாள் ஒன்று இருந்தது என்பதே.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டு வெள்ளைத் தோட்டக்காரர்கள் இந்தியத் தொழிலாளரைத் தாமே வேண்டிக் கேட்டுப் பெற்றனர். 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'டுரூரோ' என்னும் கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அதில் சென்றவர் 342 பேர். அன்று தொடங்கி 1911 வரையில் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர் தொகை 1,52,184. இவர்களுள் மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு, தஞ்சை மாவட்டத்துத் தமிழரும், விசாகப்பட்டினம், கோதாவரி, கஞ்சம் மாவட்டத்துத் தெலுங்கரும் ஒரே கப்பலின் ஒரே அடித்தட்டில் அடைபட்டுச் சென்றனர். இன்று ஐதராபாத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இவ்விரு மொழியினரும், நூறாண்டுகளுக்கு முன்னரே ஒரே துயரத்தைப் பகிர்ந்துண்டவர்கள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஒப்பந்தம் முடிந்த பின்னர் ஊர் திரும்பாது அங்கேயே தங்கியவர் பலர். சிறு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டனர், பழமரங்களை வளர்த்தனர், கூடையைத் தலையிற் சுமந்து தெருத்தெருவாக விற்றனர், சிலர் வீடும் கட்டினர். இங்கேதான் சிக்கல் தொடங்கியது. தமிழன் கூலியாயிருந்தவரையில் அவனை வேண்டியிருந்த வெள்ளையர்க்கு, அவன் அண்டை வீட்டானாக வருவது பொறுக்கவில்லை. 1890ஆம் ஆண்டுகளில் நேட்டாலில் இந்தியர் தொகை வெள்ளையர் தொகையை நெருங்கிவிட்டது. ஆப்பிரிக்க மக்களோ இவ்விருவரையும் விடப் பன்மடங்கினர். அந்நாட்டின் உண்மைக் குடிகள் அவர்களே. ஆனால் நாட்டை ஆண்டது, நேற்று வந்து குடியேறிய சிறு கூட்டம். கரும்புக்கு வேண்டிய கைகளை விரும்பி, அக்கைகளுக்குரிய மனிதரை வெறுத்த அக்கூட்டத்தின் மனநிலையே பின்னர்ச் சட்டங்களாக உருவெடுத்தது.

வெள்ளையர் நாவில் இந்தியர் அனைவரும் 'கூலி'கள். வணிகன் 'கூலி வணிகன்'. வழக்கறிஞர் 'கூலி பாரிஸ்டர்'. தமிழர் பெயர்களின் ஈற்றில் 'சாமி' என்று வருதலைக் கண்டு 'சாமி' என்றும் எள்ளி அழைத்தனர். தலைவன் என்று பொருள்படும் சொல்லைக் கொண்டே இகழ்கிறோம் என்பதை அவர்கள் அறியவில்லை!

பெயர் மறைத்த பகை

1893இல் காந்தியடிகள் நேட்டால் சேர்ந்தார். வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய சில திங்களில், பாலசுந்தரம் என்னும் தமிழ்க் கூலி ஒருவர் அவர்முன் வந்து நின்றார். கிழிந்த ஆடை, முதலாளி அடித்ததால் உடைந்த முன்பற்கள், குருதி வழியும் வாய். அந்நிலையிலும் அவர் தம் தலைப்பாகையைக் கையில் ஏந்தி நின்றார். வெள்ளையர்முன் தலைப்பாகையை அகற்ற வேண்டும் என்ற பழக்கம், நம்மவர்முன்பும் அவரை அவ்வாறு நிற்கச் செய்தது. அடியினும் கொடியது அப்பழக்கமன்றோ? அன்று முதல் ஒப்பந்தத் தொழிலாளர் காந்தியடிகளைத் தம்மவராகக் கருதத் தொடங்கினர்.

பாலசுந்தரத்தை அடித்த கை வெளிப்படையானது. சட்டத்தின் கையோ அவ்வாறன்று. 1894இல் நேட்டால் சட்டமன்றத்தில், ஆசியர்க்கு வாக்குரிமை இல்லை எனப் பெயர் சுட்டியே மசோதா ஒன்று வந்தது. அன்று வாக்காளராயிருந்த இந்தியர் ஏறத்தாழ 250 பேர். வெள்ளையரோ 9,000-க்கு மேற்பட்டோர். அந்த 250-க்கும் அஞ்சினர்! இந்தியர் விண்ணப்பம் எழுதினர். நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. இலண்டனில் இருந்த அமைச்சர்கள் அம்மசோதாவை ஏற்கவில்லை. ஓர் இனத்தைப் பெயர் சுட்டி விலக்குதல் பேரரசின் புகழுக்கு இழுக்கு என்பது அவர்கள் கவலை. விலக்குவதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. பெயர் சுட்டுவதைப் பற்றியே கவலை. எனவே 1896இல் மசோதா புதிய உடையணிந்து வந்தது. பாராளுமன்ற ஆட்சிமுறை இல்லாத நாடுகளிலிருந்து வந்தோர்க்கு வாக்குரிமை இல்லை என்றது. ஆசியர் என்ற சொல் மறைந்தது. ஆசியர் விலக்கப்படுவது மட்டும் மறையவில்லை.

வழி தெரிந்தபின் சட்டங்கள் வரிசையாக வந்தன. 1895இல், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத தொழிலாளர் ஆண்டுக்கு 3 பவுன் செலுத்த வேண்டும் என்றனர். 25 பவுன் என்று அவர்கள் முதலிற் கேட்டதை இந்திய அரசு 3 பவுனாகக் குறைத்து இசைந்தது. மாதம் பதினான்கு சில்லிங்கிற்கு மேற் காணாத குடும்பத்திற்கு, கணவன், மனைவி, வளர்ந்த இரு மக்கள் எனக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 12 பவுன் வரி. தண்டவே விதிக்கப்பட்ட வரியன்று அது. ஊருக்கு ஓட்டவும், இயலாதேல் மீண்டும் கூலி ஒப்பந்தத்திற் பிணைக்கவும் செய்த சூழ்ச்சி.

1897இல் வணிக உரிமச் சட்டம் வந்தது. கணக்கை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்றும், உரிமம் மறுக்கப்பட்டால் நீதிமன்றம் செல்ல இயலாது என்றும் அது கூறியது. அதே ஆண்டில் குடிநுழைவுத் தடைச் சட்டமும் வந்தது. ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரியாதவர் நாட்டினுள் நுழைய இயலாது. இச்சட்டங்களில் எங்கேனும் தமிழன் என்றோ, இந்தியன் என்றோ, கறுப்பன் என்றோ ஒரு சொல் உண்டா? இல்லை. எல்லார்க்கும் பொதுவான சட்டம் என்றே தோன்றும். ஆனால் கதவருகே நிற்கும் அதிகாரிக்கு எவரைத் தடுக்க வேண்டும் என்பது தெரியும்.

'நேட்டால் முறை' எனப் பெயர்பெற்ற இத்தந்திரத்தை, அதே 1897இல் இலண்டனிற் கூடிய குடியேற்ற நாட்டு முதல்வர்களுக்கு அமைச்சர் ஜோசப் சேம்பர்லேன் எடுத்துக்காட்டிப் பரிந்துரைத்தார். 1901இல் ஆஸ்திரேலியா அதனைத் தன் நாட்டுச் சட்டமாக்கிக்கொண்டது. அங்கே அதிகாரி ஐம்பது சொற்களைப் படிப்பார். வந்தவர் கேட்டெழுத வேண்டும். எந்த ஐரோப்பிய மொழி என்பது அதிகாரியின் விருப்பம். ஆங்கிலம் அறிந்தவர்க்கு வேறொரு மொழியில் தேர்வு வைக்கலாம். 1934இல் எகோன் கிஷ் என்னும் எழுத்தாளரைத் தடுக்க விரும்பிய அரசு, பல மொழி கற்ற அவர்க்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தது! இத்தேர்வு 1958இல்தான் ஒழிந்தது.

கனடாவும் பின்தங்கவில்லை. சீனர் தலைக்கு 1885இல் 50 டாலர் வரி விதித்த அந்நாடு, 1903இல் அதனை 500 டாலராக உயர்த்தியது. இந்தியரைத் தடுக்க 1908இல் வேறொரு விதி செய்தது: பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் மாறாது ஒரே பயணமாக வந்தவரே இறங்கலாம் என்றது. இந்தியாவிலிருந்து அவ்வாறு செல்லும் வசதி நம்மவர்க்கு இல்லை என்பது அவர்கள் அறிந்ததே. 1914இல் 376 பயணிகளோடு வான்கூவர் துறையை அடைந்த 'கோமகாட்டா மாரு' கப்பல் இரண்டு திங்கள் கடலில் நிறுத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் சீக்கியர். கப்பல் வங்கத்தின் பட்ஜ்பட்ஜ் துறையை அடைந்தபோது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் ஏறத்தாழ இருபதின்மர் மாண்டனர். கனடாவில் குடியேறிய வெள்ளையர் மூடிய கதவிற்கு, இந்தியாவை ஆண்ட ஆங்கில அரசு காவல் நின்றது.

சிறை நோக்கி நடந்தவர்

பெயர் மறைத்த பகையை எதிர்ப்பது கடினம். எதிர்ப்பவனை, 'சட்டம் உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே' என்று கூறி வாயடைத்துவிடலாம். அப்பகையை வெளிப்படச் செய்ய ஒரே வழி, சட்டத்தை மீறி அதன் தண்டனையை விரும்பி ஏற்பதாகும். நம் முன்னோர் கண்ட வழி அதுவே.

டிரான்ஸ்வாலில் ஆசியர் அனைவரும் விரல் ரேகை பதித்துப் பதிவுச் சீட்டுப் பெற வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து, 1906 செப்டம்பர் 11ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கில் உறுதி பூண்டனர். 1908 ஆகஸ்டில் ஹமீதியா பள்ளிவாசல் முன்றிலில் பதிவுச் சீட்டுகளைத் தீயிலிட்டனர். லியுங் குவின் என்பாரின் தலைமையில் சீனரும் உடன் நின்றனர். மொரீசியசிற் பிறந்த தம்பி நாயுடு பலமுறை சிறை புகுந்தார். நாகப்பன் என்னும் இளைஞர் கடுங்குளிரிற் சிறைவாசம் செய்து, விடுதலையான சில நாட்களில், 1909 ஜூலை 6ஆம் நாள் உயிர் நீத்தார். நாடு கடத்தப்பட்டுத் திரும்பிய நாராயணசாமியைக் கரையிறங்க விடாது அலைக்கழித்தனர். 1910இல் அவரும் மாண்டார்.

1913இல் போராட்டம் பெருந்தீயாயிற்று. கிறித்தவ முறையில் நடவாத திருமணங்கள் செல்லா என அவ்வாண்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. நம் பெண்டிர் மனைவியர் அல்லர் என்று கூறிய தீர்ப்பு அது. டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த பெண்டிர் சிலர், பெரும்பாலும் தமிழர், கைக்குழந்தைகளுடன் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரிடம் 3 பவுன் வரியின் கொடுமையை எடுத்துரைத்தனர். சுரங்கங்கள் நின்றன. நவம்பர் 6ஆம் நாள் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கிப் புறப்பட்ட அணியில் 2,037 ஆடவரும், 127 பெண்டிரும், 57 குழந்தைகளும் இருந்தனர். அன்றாடம் கிடைத்தது ரொட்டியும் சிறிது சர்க்கரையுமே. தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் ஜோகன்னஸ்பர்க்கிற் பிறந்த வள்ளியம்மை சிறையிற் கொடுங்காய்ச்சலுற்று, வெளிவந்து, 1914 பிப்ரவரி 22ஆம் நாள் மறைந்தார். வயது பதினாறு. அவர் தம் வாழ்நாளில் தமிழ்நாட்டைக் கண்டதில்லை. ஆயினும் தமிழரின் மானம் காத்தவர்களுள் அவருக்கு முதலிடம் உண்டு.

அவ்வாண்டே 3 பவுன் வரி நீங்கியது. நம் திருமணங்கள் ஏற்கப்பட்டன. பட்டம் பெற்றவரும் பணம் படைத்தவரும் விண்ணப்பம் எழுதிப் பெற இயலாததை, எழுதப் படிக்க அறியாத சுரங்கத் தொழிலாளர் நடந்து பெற்றனர்.

ஐதராபாத்திலிருந்து எழுந்த குரல்

இனி, நாம் தொடக்கத்திற் குறிப்பிட்ட வீட்டிற்கு வருவோம். சரோஜினி அம்மையார் வங்கப் பெற்றோர்க்கு 1879இல் ஐதராபாத்திற் பிறந்தவர். பன்னிரண்டாம் வயதில் சென்னைப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றவர். தென்னாட்டவரான மருத்துவர் கோவிந்தராஜுலு நாயுடுவை மணந்தவர். எம்மொழியார் எம்மாநிலத்தார் என்று வரையறுக்க இயலாத அவர் வாழ்வு, இந்நகரத்தின் இயல்பையே காட்டும்.

1917இல் அலகாபாத்தில் அவர் ஒப்பந்தக் கூலி முறையை எதிர்த்து முழங்கினார். அம்முறையிற் பெண்கள் படும் இழிவை நாடே தன் இழிவாகக் கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். அவ்வாண்டே ஒப்பந்தக் கூலிகளை அனுப்புதல் நிறுத்தப்பட்டது. 1920இல் அம்முறை முற்றும் ஒழிந்தது.

1924 ஜனவரியில் அவர் மொம்பாசா நகரில் கிழக்காப்பிரிக்க இந்தியக் காங்கிரசிற்குத் தலைமை தாங்கினார். கென்யாவில் அப்போது நிலைமை கொதித்துக்கொண்டிருந்தது. மொம்பாசாவிலிருந்து உள்நாடு செல்லும் இரயில் பாதையை அமைக்க 1896 முதல் ஏறத்தாழ 32,000 இந்தியத் தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் 2,400-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பாதை வழியே சென்று குடியேறிய வெள்ளையர், வளமிக்க மலைநிலங்களைத் தமக்கே உரியவையாக்கிக்கொண்டனர். இந்தியர்க்குச் சம உரிமை வந்துவிடுமோ என அஞ்சி, ஆளுநரையே கடத்திச் செல்லவும் அவர்களுட் சிலர் திட்டமிட்டிருந்தனர். இந்தியர்க்காக இலண்டன் சென்று வாதாடியவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். 1923இல் இலண்டன் அரசு வெளியிட்ட அறிக்கை, கென்யா ஆப்பிரிக்கரின் நாடே, அவர் நலமே முதன்மையானது என்று அறிவித்தது. ஆனால் மலைநிலங்களை வெள்ளையரிடமே விட்டது. சொல் ஆப்பிரிக்கர்க்கு, நிலம் வெள்ளையர்க்கு! மீண்டும் அதே பழைய வித்தை.

மொம்பாசாவிலிருந்து அம்மையார் தென்னாப்பிரிக்கா சென்றார். இந்தியரைத் தனிப் பகுதிகளில் ஒதுக்க ஸ்மட்ஸ் அரசு கொண்டுவந்த மசோதாவை எதிர்த்து ஊர்தோறும் பேசினார். ஸ்மட்ஸையும் நேரிற் கண்டு வாதாடினார். பாராளுமன்றம் கலைந்தமையால் அம்மசோதா அப்போது வீழ்ந்தது. ஆனால் எண்ணம் வீழவில்லை. 1946இல் அது மீண்டும் சட்டமாக வந்தது. இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வாணிகத்தை முறித்துக்கொண்டு, ஐக்கிய நாடுகள் அவையில் வழக்குரைத்தது. 1948இல் ஆட்சிக்கு வந்த கட்சி நிற ஒதுக்கலையே அரசின் கொள்கையாக்கியது. அது வீழ 1994 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நாம் கேட்டுப் பெற்ற வாயில்

இதுவரை பிறர் நமக்கிழைத்த தீங்கைக் கூறினோம். இத்துடன் கட்டுரையை முடித்தால் கைதட்டல் கிடைக்கும், உண்மை கிடைக்காது.

1890ஆம் ஆண்டுகளில் டர்பன் அஞ்சல் நிலையத்திற்கு இரண்டு வாயில்கள் இருந்தன. ஒன்று வெள்ளையர்க்கு, மற்றொன்று ஆப்பிரிக்கர்க்கும் ஆசியர்க்கும். நேட்டால் இந்தியக் காங்கிரஸ் முறையிட்டது. வாயிலைப் பிரிப்பதே தவறு என்றா முறையிட்டது? இல்லை. ஆப்பிரிக்கரோடு நம்மைச் சேர்த்தது தவறு என்பதே முறையீடு. அதன் பயனாக ஆசியர்க்கென மூன்றாவது வாயில் திறக்கப்பட்டது. அந்நாளில் அதனை வெற்றியென மகிழ்ந்தனர். இன்று அதனை எண்ணுங்கால் நமக்கு நாணமே மிகுகிறது. ஆப்பிரிக்கரின் மண்ணில், ஆப்பிரிக்கரோடு ஒரே வாயிலில் நுழைய நாம் கூசினோம். வெள்ளையன் கட்டிய ஏணியை உடைக்காமல், அதில் ஒரு படி மேலே இடம் கேட்டோம்.

இப்பிழைக்கு விலை இருந்தது. 1949 ஜனவரியில் டர்பன் நகரில் ஆப்பிரிக்கர்க்கும் இந்தியர்க்கும் இடையே மூண்ட கலவரத்தில் 142 பேர் மாண்டனர். இரு திறத்தாரையும் பிரித்து ஆண்ட அரசுக்கு அதிற் பெரும் பங்குண்டு. எனினும் கடையிலும் பேருந்திலும் நம்மவர் காட்டிய செருக்கிற்கும் பங்கில்லை எனக் கூற இயலாது. நல்லோர் சிலர் முன்னமே இதனை உணர்ந்திருந்தனர். 1947 மார்ச்சில் ஆப்பிரிக்கத் தலைவர் டாக்டர் சூமாவும், இந்தியத் தலைவர்களாகிய டாக்டர் நாயக்கரும் டாக்டர் தாதுவும் இணைந்து போராட உடன்பாடு செய்தனர். மருத்துவர் மூவர் எழுதிய அம்மருந்தை இரு மக்களும் மெல்ல மெல்ல ஏற்றனர். பின்னர் ஒரே சிறையில் ஒன்றாகக் கிடந்தபோதுதான் மூன்றாம் வாயில் மூடப்பட்டது எனலாம்.

பெயர் சொல்லி வருந்துதல்

அக்குடியேற்ற நாடுகள் இன்று என்ன செய்கின்றன? பெயர் மறைத்துச் செய்த தீங்கைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருக்கின்றன. சீனர் மீது விதித்த தலைவரிக்காக 2002இல் நியூசிலாந்தின் பிரதமர் ஹெலன் கிளார்க் மன்னிப்புக் கோரினார். அதே போன்ற வரிக்காக 2006இல் கனடாவின் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். போர்க்காலத்தில் முகாம்களில் அடைத்து வைத்த ஜப்பானிய அமெரிக்கருள் உயிரோடிருந்த ஒவ்வொருவர்க்கும் 20,000 டாலர் வழங்க 1988இல் அமெரிக்கா சட்டம் செய்தது. 2016 மே 18ஆம் நாள் கனடாவின் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, கோமகாட்டா மாரு கப்பலைப் பெயர் சொல்லி, அதனைத் திருப்பிய அதே நாட்டின் மக்களவையில் மன்னிப்புக் கேட்டார்.

நூறாண்டு கழித்துக் கேட்கும் மன்னிப்பால் மாண்டவர் மீளார் என்பர் சிலர். உண்மையே. ஆனால் இத்தீங்கின் உயிர்நிலை, தன் பெயரை மறைத்துக்கொள்வதில் இருந்தது. பெயரை வெளியிட்ட அளவில் அதன் வலிமையிற் பாதி போய்விடுகிறது. அதனால்தான் இம்மன்னிப்புகளை நாம் வெறுஞ்சொல் எனத் தள்ளுவதில்லை.

நம் வீட்டு வாயில்

முடிவாக, நம் நகரத்திற்கும் நம் வீட்டிற்கும் வருவோம். ஐதராபாத்தில் நாமும் வந்தேறியவர்களே. கண்டோன்மெண்டு படையோடு சிக்கந்தராபாத் வந்தவர் சிலர். இரயில்வேப் பணிக்கு வந்தவர் சிலர். அண்மையில் கணினித் தொழிலுக்கு வந்தவர் பலர். 1952இல் வெளியூரார் வேலைகளைப் பறிக்கின்றனர் எனக் கொதித்த முல்கி இளைஞர்கள், 'இட்லி சாம்பார் திரும்பிப் போ' என முழங்கியதை மூத்தோர் கூறக் கேட்டிருக்கிறோம். அதனை நேட்டால் வெள்ளையரின் வெறுப்போடு ஒப்பிடல் தகாது. நேட்டாலில் வந்தேறியவன் ஆண்டான். இங்கோ மண்ணின் மைந்தன் தன் பிழைப்பிற்கு அஞ்சினான். அஞ்சியவன் வெளிப்படையாகக் கூவினான். அவன் அச்சத்தை நாம் புரிந்துகொள்ளலாம். பின்னர் இந்நகரம் நமக்கு இடம் கொடுத்தது. கோயிலும் பள்ளியும் சங்கமும் அமைக்க மனமுவந்தது.

அந்நகரத்திலேயே மாசாப் டேங்க் அருகில் 'ஏ.சி. கார்ட்ஸ்' என்றொரு பகுதியுண்டு. நிஜாம் அரசின் ஆப்பிரிக்கக் குதிரைக் காவற்படையினர் வாழ்ந்தமையால் வந்த பெயர் அது. அவர்களின் வழித்தோன்றல்களாகிய சித்தி மக்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். இந்நகரத்துத் திருமணங்களில் முழங்கும் மர்ஃபா மேளம் அவர்கள் கொடை. மேளத்தை விரும்பும் நாம், அடிப்பவரை அண்டை வீட்டாராக விரும்புகிறோமா? கரும்பை விரும்பிக் கூலியை வெறுத்தோரின் நினைவு இங்கே வாராமற் போகுமா? 2016 மே மாதத்தில் தில்லியில் கொங்கோ நாட்டவர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அதே நாட்களில் நம் ஐதராபாத்தில் நைஜீரிய மாணவர் ஒருவர் தாக்கப்பட்டார்.

அவற்றைச் செய்தித்தாளிற் படித்து நாம் வருந்தினோம். ஆனால் சில ஆண்டுகட்கு முன் நடந்த ஒன்றையும் இங்கு மறைக்காமல் எழுதுதல் வேண்டும். நம் வீட்டு மாடி காலியாக இருந்தது. வாசலில் 'டு லெட்' பலகை தொங்கிக்கொண்டிருந்தது. சூடான் நாட்டு மாணவர் ஒருவர் வந்து கேட்டார். அமரச் செய்தோம், தண்ணீர் கொடுத்தோம், எவ்வளவோ இனிமையாகப் பேசினோம். பின்னர், வேறொருவர்க்கு வாக்களித்துவிட்டோம் என்றோம். அது பொய். அவர் ஒன்றும் கூறாது எழுந்தார். செல்லும்போது வாசலில் தொங்கிய பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவே. நிறத்தைப் பற்றி நாம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நேட்டால் சட்டமும் சொல்லவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் அவரைத் தேடிச் செல்லவும் முகவரி இல்லை. இப்போது எழுதுவது அந்தப் பலகைக்கு நாம் தரும் காலந்தாழ்ந்த விடை.

மேடைதோறும் நாம் கணியன் பூங்குன்றனாரை எடுத்தோதுகிறோம்; எல்லா ஊரும் நம்மூர் எனப் பூரிக்கிறோம். அவ்வுரிமையை நேட்டாலில் நமக்கு மறுத்தோரை வரலாறு மறக்கவில்லை. எல்லா ஊராரும் நம் உறவினர் என்ற கடமையை நாம் மறந்தால், அதனையும் வரலாறு மறவாது. வள்ளியம்மையின் படத்திற்கு மாலை சூட்டும் கை, அடுத்த நாள் அயல்நாட்டு மாணவர்க்குக் கதவைத் திறக்கும் கையாகவும் இருத்தல் வேண்டும். இவ்வாண்டு விழாவில் நாம் மேற்கொள்ளத்தக்க உறுதி இதனினும் வேறில்லை.